டிரையருக்கு அடியில் சொன்ன பெயர்

ஹேஸ்டனில் யாராவது வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர்கள் முதலில் போகிற இடம் ஷெரிஃப் ஆபீஸ் இல்லை, ட்வைலா ஹாக்கெட்டின் பார்லர். ஆர்கன்சா மாநிலத்தில் எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியின் கோர்ட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது அது. கோர்ட்டுக்குப் பின்னால் ஜெயில். பிள்ளையையோ புருஷனையோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வெளியே வருகிற பெண்களுக்கு, உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேறு இடம் கிடையாது. ட்வைலா உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பாள். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கொடுப்பாள். கேட்காமலேயே தலையை வாரிவிடுவாள். அப்படித்தான் இந்த ஆள் தேடும் வேலை அவள் தலையில் வந்து விழுந்தது.

ஜெயிலில் யார் இருக்கிறார்கள் என்பது எங்கள் நாட்டில் ரகசியம் இல்லை. கவுண்டிக்குக் கவுண்டி, போலீஸையும் ஜெயிலையும் கையில் வைத்திருக்கிற ஷெரிஃப் அதைப் படத்தோடு இணையத்தில் போட்டுவிடுவார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கவும் செய்கிறார்கள். காலையில் டப் என்பவரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், கிரேவி ஊற்றிய, பன் மாதிரியான பிஸ்கட்டை ஒரு கையால் பிட்டுக்கொண்டே மறுகையால் போனைத் தள்ளித் தள்ளி, நேற்று ராத்திரி உள்ளே போனது யார் என்று பார்க்கிற ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிடுகிற ஆட்கள்தான். ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இது ஒன்று. ட்வைலாவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க ஆளுன்னா சொல்லுங்க, பார்த்துத் தர்றேன். ஊரான் வீட்டு ஆளுன்னா டப் கடைக்குப் போங்க," என்பாள். இதுதான் அவள் சட்டம். பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்கச் சொன்ன பாஸ்டர் மனைவிக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

இந்த வித்தையை அவள் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. அவளுடைய தம்பி ராய்ஸ் குடித்துத் திரிந்த காலத்தில், வாரக்கணக்கில் காணாமல் போவான். அவர்கள் அம்மா போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் ட்வைலா தேடக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கவுண்டியும் ஒரு தனி ராஜ்ஜியம், ஒரு இடத்தில் கேட்டால் எல்லா இடத்துக்கும் பதில் கிடைக்காது. கவுண்டி ஜெயில் வேறு, மாநிலச் சிறை வேறு. பிடித்த உடனே பெயர் ஏறாது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சில கவுண்டி முழுப் பட்டியலையும் விரித்துப் போடும். சிலது ஒரு காலிக் கட்டத்தை மட்டும் காட்டும். அதில் குடும்பப் பெயரைச் சொன்னால்தான் ஆளைக் காட்டும். பெயரை முழுதாக அடிக்கக் கூடாது, முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் எழுதிக்கொள்கிற போலீஸ்காரருக்கு எழுத்துப்பிழை கைவந்த கலை. இப்படி எத்தனையோ.

ராய்ஸ் குடியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் ஏசி பழுது பார்க்கிறான். வியாழக்கிழமை மதியம் அக்கா கடையில் வந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, ஏதாவது திருகாணியை முடுக்கிவிட்டுப் போவான். ட்வைலாவின் கல்யாணம் நிலைக்கவில்லை. "ஒரு தடவை பண்ணிப் பார்த்தாச்சு, போதும்," என்பாள், பிடிக்காத பலகாரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி. கடை இருக்கிறது, தம்பி இருக்கிறான், வீட்டுக்குப் பின்னால் தக்காளி காய்க்கிறது. அவளுக்கு அது நிறைவாகவே இருந்தது.

தேடுவதில் உண்மையான தொல்லை வேறு. எங்கள் ஊரில் யாரையும் யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பபா, ஜூனியர், ஸ்கீட்டர், ஷார்ட்டி. ஒருமுறை ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, புருஷனைக் காணவில்லை, ஸ்கீட்டர் என்று பெயர், தேடித் தாருங்கள் என்றாள்.

"ஸ்கீட்டர்னா கொசுடி கண்ணு. அம்மா அப்பா வச்ச பேரு என்ன?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைசியில் மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தை, உங்க பையன் பேரு என்ன?" என்று கேட்க வேண்டியதாயிற்று. பெயர் மார்மட்யூக், கொள்ளுத்தாத்தா காலத்துப் பெயர். அவன் ஏன் மறைத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டு தேடிய ட்வைலாவுக்கு, நடீன் லெட்பெட்டரின் மகன் விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

நடீன் அறுபதைத் தாண்டியவர், அந்த மரியாதைக்கு ட்வைலா 'மிஸ் நடீன்' என்றுதான் கூப்பிடுவாள். வியாழன் தவறாமல் தலைக்குச் சுருள் போட வருகிறவர். புருஷன் வெல்டன் லெட்பெட்டர் சர்ச்சில் பெரிய மனிதர், ஊரில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் டஸ்டின் கூரை வேலைக்காரன். ஆலங்கட்டி மழை எங்கே பெய்கிறதோ அங்கே அந்த ஆட்கள் போய்விடுவார்கள். ஓட்டை விழுந்த கூரைதான் அவர்களுக்குச் சோறு. ஈஸ்டருக்குப் பிறகு டஸ்டின் அப்படித்தான் கிளம்பினான். ஞாயிறு தவறாமல் அம்மாவைப் போனில் கூப்பிடுகிற பையன், மே மாதத்தோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். போன் அணைந்து கிடந்தது. மேஸ்திரியைக் கேட்டால், "லெட்பெட்டரா? ஒரு நாள் வரல. அப்புறம் வரவேயில்ல," என்றார். வேலைக்கு வராதவனைத் தேடிக்கொண்டு போகிற வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

போன வியாழன் ட்வைலா தேடினாள். எங்கள் கவுண்டி, அதைச் சுற்றியிருக்கிற கவுண்டிகள், மாநிலச் சிறை எல்லாம். லெட்பெட்டர் என்று ஒருவனும் இல்லை. ஆஸ்பத்திரிகளைக் கேட்டாள். அங்கேயும் இல்லை.

இந்த வியாழன் நடீன் வந்தபோது கண் குழி விழுந்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ட்வைலா அதைச் சரி செய்துவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இன்னைக்கும் பாரு ட்வைலா," என்றார் நடீன். "ஜெயில்ல இருந்தாக் கூடப் போதும்டி. கர்த்தர்கிட்ட அதைத்தான் கேக்குறேன். என் பிள்ளை ஜெயில்ல இருக்கணும்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன். எவளாவது இப்படி ஜெபம் பண்ணுவாளா?"

"எங்கம்மா பண்ணாங்க, மிஸ் நடீன்," என்றாள் ட்வைலா.

ஏசிக்கு அடியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ராய்ஸ், மெல்லுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினான்.

பக்கத்து நாற்காலியில் எர்லீன் காட்ஸி, தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். எர்லீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தண்ணீர்த் தொட்டியில் ஏறி நின்று கத்துவதும் ஒன்றுதான். அவள் வாயில் ஒன்று விழுந்தால், பொழுது சாய்வதற்குள் மூன்று சர்ச்சுக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு அதிசயமாக அவள் வாயைத் திறக்கவில்லை. பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதைத் தலைகீழாக வைத்திருந்தாள்.

ட்வைலா ஒரு கையால் சுருளைச் சுற்றிக்கொண்டே மறுகையால் போனில் தேடினாள். ஆலங்கட்டி விழுந்த கவுண்டிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் போனாள். எல், இ, டி. யாரும் இல்லை. மறுபடி எல், இ, டி. யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஜெயிலிலும் இல்லை என்றால் மிச்சம் இருக்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. நடீன் இந்த ஊருக்கு வந்தபோது டஸ்டின் கைக்குழந்தை. டெக்சாஸில் கல்யாணம், டெக்சாஸில் பிரசவம் என்று வெல்டன் சொன்னார். வெல்டன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆனால் வெல்டன் கருத்த மனிதர், காது இரண்டும் தலையோடு ஒட்டியிருக்கும். டஸ்டினோ செம்பட்டை, காது சிறகு மாதிரி விரிந்து நிற்கும். ட்வைலா எத்தனை தலைகளைப் பார்த்தவள். பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"மிஸ் நடீன்," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "சில பேருக்கு லைசென்ஸ்ல ஒரு பேரு இருக்கும், ஊர்ல ஒரு பேரு இருக்கும். போலீஸ்காரங்க லைசென்ஸைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. அந்த மாதிரி ஏதாச்சும்..."

"அவன் பேரு டஸ்டின் லெட்பெட்டர்," என்றார் நடீன். முகம் படக்கென்று இறுகியது.

"சரிங்க."

அதற்கு மேல் ட்வைலா கேட்கவில்லை. கடைசிச் சுருளையும் குத்திவிட்டு, நடீனைச் சுவரோரம் கூட்டிப்போய், தலையின் மேல் கவிழ்க்கிற அந்தப் பெரிய டிரையருக்கு அடியில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அதற்குள் தலையை விட்டால் உலகமே இரைச்சலாகிவிடும். பேசுகிறவருக்குத் தம் குரல் தமக்கே கேட்காது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்கடியில் உட்கார்ந்து பேசுவதில்லை. பேசினால் வாசலில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

நடீன் கொஞ்ச நேரம் மடியில் இருந்த கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு விரலை மடக்கி ட்வைலாவைக் கூப்பிட்டார். ட்வைலா குனிந்தாள். நடீன் அக்கம்பக்கம் பார்த்தார். வாயை ஒரு கையால் மறைத்துக்கொண்டார். ட்வைலாவின் காதோடு, பரம ரகசியமாக, தொண்டை கிழியக் கத்தினார்:

"டுஃப்ரீன்! லைசென்ஸ்ல டுஃப்ரீன்னு இருக்கும்! அவன் வெல்டனுக்குப் பிறந்தவன் இல்ல ட்வைலா! யாருக்கும் தெரியக் கூடாது!"

கண்ணாடி அலமாரியில் இருந்த புட்டிகள் அதிர்ந்தன. ராய்ஸ் சாண்ட்விச்சை வாயில் வைத்தபடியே தலையைத் தூக்கி, ஏசியை முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். ட்வைலா சட்டென்று எர்லீனைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, இனி மூன்று சர்ச்சுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

எர்லீன் தலைகீழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "உருளைக்கிழங்கு சாலட்டுக்குக் கடுகு போடணுமா வேணாமா, நீ என்ன சொல்ற ராய்ஸ்?" என்றாள்.

"போடணும்," என்றான் ராய்ஸ், ஏசியைப் பார்த்தபடியே.

"அப்படிச் சொல்லு. சில பேரு சர்க்கரை போடுறாளுங்க. கர்மம்."

டிரையருக்கு அடியில் நடீன் எதையும் அறியாமல், தான் கிசுகிசுத்த ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ட்வைலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்வைலா போனை எடுத்தாள். டி, யு, எஃப். டன்மோரில் இல்லை. அடுத்தது. அங்கேயும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரூவெட் கவுண்டி. காலிக் கட்டம் காட்டுகிற கவுண்டி அது. டி, யு, எஃப்.

படம் வந்தது. செம்பட்டை முடி, இரண்டு பக்கமும் விரிந்த காது. "டுஃப்ரீன், டஸ்டின் வெல்டன்." காலாவதியான லைசென்ஸோடு வண்டி ஓட்டியது. பழைய அபராத வழக்குக்குக் கோர்ட்டில் வந்து நிற்காதது. அவ்வளவுதான். நடுப்பெயராகத் தன்னை வளர்த்தவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தான் பிள்ளை.

ட்வைலா போனை நடீனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நடீன் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி என்பார்களே, அதைக் கண்ணால் காண்பது அபூர்வம். ட்வைலா அன்றைக்குக் கண்டாள். "ஜெயில்ல இருக்கான்!" என்று அலறினார் நடீன், டிரையருக்கு அடியிலிருந்தே. "ஸ்தோத்திரம்! என் பிள்ளை ஜெயில்ல இருக்கான்!"

வாசலில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாக நடையைக் கட்டினார்.

ட்வைலா பிரூவெட் ஜெயிலுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணிடம் தன்மையாகப் பேசினாள். அங்கே இருக்கிறவர்களும் மனிதர்கள்தான், காலையிலிருந்து திட்டு வாங்கி அலுத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. பையன் நலம், அடுத்த வாரம் நீதிபதி முன்னால் நிற்கிறான், சின்ன வழக்கு என்று தெரிந்தது. பார்ப்பதற்கு எப்போது வரலாம் என்று கேட்டாள்.

"குடும்பப் பேரோட முதல் எழுத்தைப் பார்த்துத்தான் நாள் குடுக்கிறோம் மேடம். டுஃப்ரீனா? டி எழுத்துக்காரங்களுக்கு சனிக்கிழமை."

சனிக்கிழமை எர்லீனின் காரில்தான் போனார்கள். ட்வைலாவின் வண்டியில் ஏசி ஓடவில்லை. ஏசி பழுது பார்க்கிறவனுக்கு அக்காவாகப் பிறந்தால் அப்படித்தான். நடீன் முன்னால், ட்வைலா பின்னால். ஆற்றுப் பாலம் தாண்டுகிறவரை எர்லீன் பேசாமல் வண்டி ஓட்டியது ட்வைலாவுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

நடீன்தான் ஆரம்பித்தார். "எர்லீன், நான் அன்னைக்கு டிரையர்ல சத்தமாப் பேசிட்டேனோ?"

"லேசா," என்றாள் எர்லீன்.

"கேட்டுச்சா?"

"பக்கத்து ஊர்ல செவிடன் ஒருத்தன் இருக்கான். அவனுக்குக் கேட்டிருக்காது."

நடீன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எர்லீன் சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "அழாதீங்க நடீன். எனக்கு இது புதுசு இல்ல. பையனை பேஸ்பால் விளையாடச் சேர்த்தப்போ பிறந்த சர்டிஃபிகேட் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஹோமர்தானே கோச். வெல்டன் கொண்டாந்து குடுத்தார். 'காகிதத்துல என்ன இருந்தா என்ன ஹோமர், பையன் என்னோடவன், சட்டை முதுகுல லெட்பெட்டர்னு எழுது'ன்னாராம். ஹோமர் எழுதினார். என்கிட்டயும் சொல்லித் தொலைச்சார், பேரை மட்டும் சொல்லல."

"இத்தனை வருஷமாத் தெரியுமா? உனக்கா?" இது பின்னால் இருந்து ட்வைலா. நம்ப முடியவில்லை அவளுக்கு.

"எனக்குத்தான்டி. எல்லாரும் நினைக்கிற மாதிரி எர்லீன் வாயி ஒண்ணும் ஓட்டை இல்ல. எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும்." கொஞ்ச தூரம் போன பிறகு, குரல் தணிந்து, "ரெண்டு வாரமா வெடிச்சுடுவேன் போல இருந்துச்சு. பேரு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ட்வைலா காதுல போட்டிருப்பேன்," என்றாள்.

நடீன் கையை நீட்டி, ஸ்டியரிங்கில் இருந்த எர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி சற்று ஓரம் போய்த் திரும்பியது.

பிரூவெட் ஜெயிலின் ஜன்னலில் இருந்த இளைஞன் நிமிராமல் கேட்டான். "யாரைப் பார்க்கணும்?"

ட்வைலா வாயெடுத்தாள். நடீன் அவளை முந்திக்கொண்டார். "டுஃப்ரீன். டஸ்டின் டுஃப்ரீன்." குரல் பிசிறவில்லை. தன் லைசென்ஸையும் நீட்டினார்.

"உங்க லைசென்ஸ்ல லெட்பெட்டர்னு இருக்கே. என்ன உறவு?"

"அவனுக்கு நான் அம்மா. லெட்பெட்டர் அவனை வளர்த்தவர் பேரு."

இளைஞன் கதவைத் திறந்துவிட்டான். ட்வைலாவும் எர்லீனும் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். நடீன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, நடையில் மட்டும் பத்து வயது குறைந்திருந்தது.

"போன்ல இருந்த நம்பரெல்லாம் போனோட போச்சாம். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது நம்ம வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பர் ஒண்ணுதானாம். தினமும் அதுக்குத்தான் அடிச்சானாம்." நடீன் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெல்டன் போனப்புறம் யாரு கூப்பிடப் போறான்னு நான்தானே அதை வெட்டச் சொன்னேன். பாவி நான்."

"மறுபடி போட்டுட்டாப் போச்சு," என்றாள் ட்வைலா.

திங்கட்கிழமை நடீன் அதே எண்ணை மறுபடி வாங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை அது மணியடித்தது.

அடுத்த வியாழன் பார்லரில் நல்ல கூட்டம். ட்வைலா நடீனுக்குச் சுருள் போட்டு முடித்து, சுவரோரம் கூட்டிப்போய் டிரையரைக் கவிழ்த்தாள். பொத்தானை அழுத்துவதற்குள் யாரோ எதற்கோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு என் பையன் வீட்டுக்கு வர்றான்!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் முழங்கியது. "நீதிபதி விட்டுட்டார்! டஸ்டின் டுஃப்ரீன்! காதோரமெல்லாம் முடி மண்டிக் கிடக்கு, அவனுக்கு ஒரு நாற்காலி எடுத்து வை!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ட்வைலா ஓடிவந்து குனிந்தாள். "மிஸ் நடீன், மெதுவா. நான் டிரையரை இன்னும் போடவேயில்ல."

"தெரியும்," என்றார் நடீன்.